கிடங்கு வேலையில் முதுகு பிடித்துக்கொண்டால் எந்த வழியில் போவது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம், ஓசூர் என்று கிடங்குகள் வரிசையாக எழும்பியிருக்கும் ஊர்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். "சரக்கு இறக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பில்லைக் கொண்டுவா என்கிறார் சூப்பர்வைசர். கூட வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ.க்குப் போகச் சொல்கிறார்கள். வீட்டில் இந்த வேலையே வேண்டாம் என்கிறார்கள். எதைச் செய்வது?" (இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு.)

கேட்பவர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். அடுத்த மாத வாடகையும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் மனத்தில் ஓடும்போது, யார் எந்த வழியை முதலில் காட்டுகிறாரோ அந்த வழியில் போய்விடுவார். அதை முதலில் காட்டுபவர் சூப்பர்வைசர்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடி வேலையில் பட்டது என்றால், அன்றைக்கே அதை வேலை விபத்து என்று எழுத்தில் பதிந்துவிடுங்கள். சண்டை போடுவதா, சமாதானமாகப் போவதா, வேலையை விடுவதா என்பதையெல்லாம் ஒரு வாரம் கழித்தும் முடிவு செய்யலாம். விபத்தைப் பதிவதை மட்டும் தள்ளிப்போட்டால் பிறகு ஈடுகட்டுவது மிகக் கடினம்.

சூப்பர்வைசர் காட்டும் வழி

"தம்பி, இதைப் பெரிதாக்க வேண்டாம். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்கிற சூப்பர்வைசர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பல கிடங்குகளின் வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பினால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருக்கும் தலைக்கு மேல் ஒரு டார்கெட் இருக்கிறது. ஒப்பந்த நிறுவனத்துக்கோ அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கையைவிட்டுப் போகுமோ என்ற கவலை. ஆகவே ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் கொடுத்து முடித்துவிடுவது அவர்கள் எல்லோருக்கும் வசதி.

தொழிலாளிக்கும் இதில் வசதி உண்டு என்பதை மறுக்க மாட்டேன். லேசான தசைப்பிடிப்பு, இரண்டு நாள் ஓய்வில் சரியாகிவிடும் என்றால், மருந்துச் செலவை வாங்கிக்கொண்டு சுமுகமாக வேலைக்குத் திரும்புவதில் குற்றமில்லை. ஆனால் இடுப்பில் பிடித்த வலி காலுக்கு இறங்குகிறதா, விரல்கள் மரத்துப்போகின்றனவா என்பது முதல் நாளில் தெரியாது. மூன்றாவது வாரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்து, தண்டுவட வட்டு பிதுங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லும்போது, அந்த சூப்பர்வைசர் வேறு கிடங்குக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அவர் கொடுத்த வாக்கு அவரோடு போய்விடும், நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. பணம் கொடுக்கும்போது 'எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்கினாலும் பயப்பட வேண்டாம். விபத்து இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தனியார் மருத்துவமனைச் சீட்டில் 'முதுகுவலி' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும், எங்கே எப்படி வந்தது என்ற விவரம் எதுவும் இருக்காது. பின்னால் கேட்கும்போது அந்தச் சீட்டே உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

ஒரே இ.எஸ்.ஐ., இரண்டு வாசல்கள்

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடங்களில் முக்கியமானது இதுதான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஊதியத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிக்கிறார்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். இவ்வளவும் பலருக்குத் தெரியும். ஒரே முதுகுவலிக்கு அதே இ.எஸ்.ஐ.யில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன என்பதும், எதில் நுழைகிறோம் என்பதைப் பொறுத்துக் கிடைப்பது முற்றிலும் மாறும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்று நோய்க்கால உதவி. சூப்பர்வைசர் "வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடு" என்றால் நீங்கள் போவது இந்த வாசலில்தான். சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்கள். இதைப் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதங்கள் இந்தப் பணம் கிடைக்காது. அதாவது வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒருவர், சூப்பர்வைசர் பேச்சைக் கேட்டு நோய் என்று சொன்னால், சிகிச்சை கிடைக்கும், ஓய்வுக் காலத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.

மற்றொன்று தற்காலிக உடற்குறைவு உதவி. வேலையில் நடந்த விபத்து என்று பதிவானால் இந்த வாசல் திறக்கிறது. ஊதியத்தில் 90 சதவீதம். 91 நாள் வரம்பு கிடையாது, டாக்டர் வேலைக்குத் தகுதி என்று சான்று தரும் வரை வரும். காப்பீட்டில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு, 78 நாள் கணக்கு இதற்குப் பொருந்தாது. விபத்து நாளைத் தவிர்த்து குறைந்தது மூன்று நாட்களாவது வேலைக்குப் போக முடியாத நிலை இருந்தால் போதும்.

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவர் இரண்டு மாதம் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் என்றால் ஏறத்தாழ 21,000 ரூபாய், அதுவும் தகுதி இருந்தால். விபத்து என்றால் ஏறத்தாழ 27,000 ரூபாய். நான்கு மாதப் புதியவருக்கு இது பூஜ்யத்துக்கும் 27,000-க்கும் உள்ள வித்தியாசம்.

உடலில் நிரந்தரக் குறை தங்கிவிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. கிடங்கில் சரக்கு நகர்த்தும் கைவண்டியான ஹேண்ட் பேலட் டிரக்கின் கைப்பிடிக்கும் ரேக் கம்பத்துக்கும் நடுவில் விரல் சிக்கி நசுங்குவது அரிதல்ல. ஆள்காட்டி விரல் முழுவதையும் இழந்தால் சட்டத்தின் அட்டவணைப்படி 14 சதவீத உழைப்புத்திறன் இழப்பு. கட்டைவிரல் என்றால் 30 சதவீதம். நாளுக்கு 500 ரூபாய் ஊதியம் என்றால் அதில் 90 சதவீதம் 450, அதில் 14 சதவீதம் 63 ரூபாய். நாளொன்றுக்கு 63 ரூபாய், மாதம் ஏறத்தாழ 1,890 ரூபாய், வாழ்நாள் முழுவதும். வேலை மாறினாலும், வேறு எங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் வரும். நோய் என்று எழுதிக்கொடுத்தவருக்கு இந்தக் கதவு திறப்பதே இல்லை. ஐந்தாயிரம் ரூபாயை உறையில் போட்டு நீட்டும்போது எதற்கு ஈடாக அதை நீட்டுகிறார்கள் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

எப்படிப் பதிவது? நிறுவனத்தில் விபத்துப் புத்தகம் என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயர், நேரம், இடம், எப்படி நடந்தது, யார் பார்த்தார்கள் என்பதை எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னாலும் அது தகவல்தான். ஆனாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவது நல்லது: "சார், இன்று மதியம் 3.20-க்கு 4ஆம் நம்பர் டாக்கில் கன்டெய்னரிலிருந்து அட்டைப்பெட்டி இறக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. கூட இருந்தவர்கள் பார்த்தார்கள்." கோபமோ குற்றச்சாட்டோ வேண்டாம். நேரம், இடம், செய்த வேலை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். முதலில் பார்க்கும் டாக்டரிடமும் இதே மூன்றைச் சொல்லி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. அனுப்பவில்லை என்றால் கிளை அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். கிளை மேலாளர் விசாரிப்பார். அப்போது அந்த வாட்ஸ்அப் செய்தியும் அன்றைய ஷிஃப்ட் பட்டியலும் பேசும்.

ஒப்பந்த நிறுவனம் சந்தாவே கட்டவில்லை என்று தெரிந்தாலும் கலங்க வேண்டாம். சந்தா கட்டத் தவறிய முதலாளியிடமிருந்து வசூலிக்கும் அதிகாரம் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு உண்டு. ஒப்பந்தக்காரர் ஓடிப்போனாலும் கிடங்கை நடத்தும் முதன்மை முதலாளியின் பொறுப்பு போய்விடாது.

விபத்து என்று சொல்ல முடியாத வலி

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எல்லா முதுகுவலியும் ஒரே நொடியில் வருவதில்லை. இரண்டு ஆண்டுகள் குனிந்து நிமிர்ந்து, ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியாமல் போகும். இதற்கு நேரமும் இடமும் சொல்ல முடியாது. தொழில்சார் நோய்களின் அட்டவணையில் ஈய நச்சு, நுரையீரல் நோய்கள் போன்றவை இருக்கின்றன. சுமை தூக்கித் தேய்ந்த முதுகுக்கு அதில் தனி இடம் இல்லை. இது நம் சட்டத்தின் பெரிய குறை என்றே நினைக்கிறேன். கிடங்குத் தொழிலாளியின் உடல் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த நிலையில் இல்லாத விபத்தைக் கற்பித்துச் சொல்லாதீர்கள். விசாரணையில் பிடிபட்டால் உண்மையான வலியும் பொய்யாகிவிடும். நோய்க்கால உதவியிலேயே ஒரு நீட்டிப்பு இருக்கிறது. நீண்டகால நோய்கள் என்று வகுக்கப்பட்ட 34 நோய்களில் தண்டுவட வட்டுப் பிதுக்கமும் ஒன்று. 91 நாட்கள் முடிந்த பிறகும் ஊதியத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். இரண்டு ஆண்டு தொடர்ந்த காப்பீட்டு வேலையும், நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். நீண்ட நாள் வேலை செய்து தேய்ந்தவருக்கு இதுவே சரியான வழி. ஒப்பந்தம் மாறும்போது காப்பீட்டு எண்ணும் மாறி, பழைய சேவை காணாமல் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய நிறுவனத்தில் சேரும்போது பழைய எண்ணையே கொடுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்

21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்குபவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீடுதான். 1923ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு இதில் அரை மாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தின் 25 சதவீதம், அதாவது மொத்தத்தில் பாதிச் சம்பளம். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஊதியத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருந்துவருகிறது. நிரந்தரக் குறைக்கு ஒரே தொகை. 25 வயதுக்காரர் ஆள்காட்டி விரலை இழந்தால், 15,000-இல் 60 சதவீதத்தை வயதுக்கான காரணி 216.91-ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம்: ஏறத்தாழ 2.73 லட்சம் ரூபாய். முன்னே சொன்ன 63 ரூபாய்க் கணக்கில் இந்தத் தொகை சேர 12 ஆண்டுகள் ஆகும். ஒரே தொகை கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர் அதை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. இழப்பீடு கோருவதற்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

'லேசான வேலை' என்ற உடன்பாடு

"ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம், வந்து பேக்கிங் மேசையில் உட்கார்ந்துகொள், வருகை போட்டுவிடுகிறேன்" என்று சொல்வது கனிவாகவே இருக்கும். சில நேரம் நல்லதும்கூட. ஆனால் இ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வுச் சான்று கொடுத்திருக்கும் நாளில் வேலை செய்து ஊதியம் வாங்கினால் அந்த நாளுக்கு உதவித்தொகை கிடையாது. சான்றும் கையில் இருக்க, வருகைப் பதிவேட்டிலும் பெயர் இருந்தால் பிறகு உங்கள் மேல்தான் சந்தேகம் விழும். டாக்டர் வேலைக்குத் தகுதி என்று சான்று தந்த பிறகு லேசான வேலை கேட்பதே சரியான வரிசை. எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, எத்தனை வாரம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். வெறும் 'லேசான வேலை' என்ற சொல்லுக்கு பீக் சீசனில் மூன்று நாள்கூட மதிப்பு இருக்காது.

டார்கெட்டோடு மோதுவதா?

காயத்துக்குப் பணம் வாங்குவது ஒரு வழக்கு. காயப்படுத்தும் வேலையை மாற்றச் சொல்வது வேறு வழக்கு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டும் கெடும் என்பது என் கருத்து. விபத்துப் பதிவை அமைதியாக முடித்துவிட்டு, வேலைச்சுமை பற்றிப் பலர் சேர்ந்து பேசுங்கள்.

பேசும்போது "ரொம்ப பாரமாக இருக்கிறது சார்" என்றால், "அடுத்தவன் தூக்குகிறானே" என்று பதில் வரும். எண்ணோடு பேசினால் நிலைமை மாறும். அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்தி அமைத்த கணக்கு ஒன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது பெட்டி உடலை ஒட்டி, இடுப்புக்குச் சற்றுக் கீழே, எப்போதாவது ஒருமுறை தூக்குவதாக இருந்தால், பரிந்துரைக்கும் எடை 23 கிலோ. கன்டெய்னருக்குள் நடப்பதோ வேறு. பெட்டி தரையில் கிடக்கும், உடலிலிருந்து அரை மீட்டர் தள்ளி எட்டிப் பிடிக்க வேண்டும். தூரத்துக்காகப் பாதி குறைகிறது, தரையிலிருந்து எடுப்பதற்காக மேலும் குறைந்து 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. நிமிடத்துக்கு நான்கு பெட்டி வீதம் எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் 4 கிலோ. உடம்பைத் திருப்பி டிராலியில் வைக்க வேண்டும் என்றால் இன்னும் குறையும். 15 கிலோ பெட்டியை இந்த வேகத்தில் இறக்கச் சொல்பவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். இது இந்தியச் சட்டம் இல்லை. ஆனால் பன்னாட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு இந்தக் கணக்கு தெரியும், தெரியாதது போல நடிக்க முடியாது. கேட்க வேண்டியவையும் தெளிவாகும்: கன்டெய்னருக்குள் நீளும் கன்வேயர், கீழ் வரிசைப் பெட்டிகளுக்கு இரண்டு ஆட்கள், மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றம்.

வேகத்தின் மேல் சட்டம் கைவைக்க முடியும் என்பதற்கு கலிபோர்னியா சான்று. 2022 ஜனவரி முதல் அங்கே கிடங்கு முதலாளி டார்கெட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையையும் கழிப்பறை நேரத்தையும் பறிக்கும் டார்கெட்டை எட்டவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. 2024இல் ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போக மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது. அந்த ஜூன் மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. சட்டத்தில் தனிப் பிரிவு இல்லாவிட்டாலும் வெளியே தெரிந்தால் அசைவு ஏற்படுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

புகார் கொடுக்கும் முன் உங்கள் கிடங்கு எதன் கீழ் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்றால் தொழிலாளர் துறை. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் மேசை மேசையாகச் சுற்றும். இரண்டாவது வகையில் வந்தால் 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த உட்காரும் உரிமை உங்களுக்கும் உண்டு. வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை இருக்க வேண்டும். ஸ்கேனிங் மேசையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

சங்கம் அமைப்பது இந்த வழிகளில் மிக மெதுவானது. ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் கிடங்கில் இது இன்னும் கடினம். ஆனால் வேலைச்சுமையை உண்மையில் குறைத்த இடங்களில் தனி ஒருவரின் மனு அதைச் செய்ததாக நான் கண்டதில்லை.

வேலையை விடுவது

முப்பது வயதுக்குள் முதுகைத் தொலைப்பதைவிட வேலையைத் தொலைப்பது மேல் என்று வீட்டில் சொல்வது சரிதான். டார்கெட்டும் மாறாது, சூப்பர்வைசரும் மாற மாட்டார் என்று தெரிந்த பிறகு அங்கே இருப்பதில் பெருமை எதுவும் இல்லை. ஆனால் எப்போது விடுகிறோம் என்பது முக்கியம். சிகிச்சை நடக்கும்போது கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுப்பதுதான் நிறுவனத்துக்கு மிகவும் வசதி. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. நீங்களாகவே எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடும்.

டாக்டரின் இறுதிச் சான்று கைக்கு வந்து, உடலில் குறை தங்கியிருந்தால் அதன் அளவை மதிப்பிடும் மருத்துவக் குழுவுக்கு விண்ணப்பித்து, விபத்து அறிக்கையின் நகலும் வைத்துக்கொண்ட பிறகு ராஜினாமா எழுதுங்கள். கடைசிக் கணக்கு முடிக்கும் தாளில் 'எந்தப் பாக்கியும் இல்லை' என்று அச்சடித்திருக்கும் இடத்துக்குக் கீழே, 'இ.எஸ்.ஐ. விபத்துக் கோரிக்கை நிலுவையில் உள்ளது' என்று உங்கள் கையாலேயே எழுதி, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.